பாதி மூடிய படுதா

தை 28, செவ்வாய்.

கொள்முதல் நிலையத்தில் திடீர் மழை. புயல் என்றே எழுதலாம். படுதாவோடு பாய்ந்து ஒற்றை ஆளாக நெல் குவியலை மூடினேன். பாதியில்தான் தெரிந்தது, அது என் குவியல் இல்லை. வரப்புத் தகராறில் மூன்று வருடமாக என்னோடு பேசாத கோவிந்தனுடையது. என் நெல் பக்கத்தில் நனைந்துகொண்டிருந்தது. படுதாவை உருவக் கை போனது. உருவவில்லை. மீதியையும் மூடினேன்.

கோவிந்தன் ஓடி வந்தார். "தெரிஞ்சேதான் மூடினீங்களா?"

"பாதி தெரியாம, மீதி தெரிஞ்சு."

"உங்க வாயில உண்மை வந்து இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்று சிரித்தார்.

வெயில் வந்ததும் என் ஈர நெல்லை இருவரும் சேர்ந்துதான் பரப்பிக் காயவைத்தோம். இந்த ஜில்லாவில் இன்று என்னைவிடப் பெரிய மனிதன் எவனும் இல்லை.