பதுளைக் கடையில் எடுத்த பட்டு ஜிப்பா

என் உயிருக்கு உயிரான கருப்பையா மச்சானுக்கு,

இங்கிலாந்து ராணியம்மா கண்டிக்கு வந்துபோன வருஷம் அது. இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுவிட்டு நம் தேயிலைத் தோட்டத்து லயத்து ஆட்கள் எல்லாரும் பதிலுக்குக் காத்துக்கிடந்த வருஷமும் அதுதான். அந்த ஆடியில்தான் மாரியம்மன் திருவிழாவுக்குப் பரிவட்டம் உங்கள் தலையில் கட்டுவது என்று முடிவானது.

வருகிற வெள்ளிக்கிழமை உங்கள் திதி. நான் சொல்லச் சொல்ல நம் பள்ளிக்கூடத்து மாஸ்டர் இதை எழுதுகிறார். கோயில் வாசலில் அவரே வாசிப்பார். எல்லாரும் கேட்கட்டும் மச்சான். எனக்கு இதைத் தனியாக வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

பரிவட்டம் கட்டிக்கொள்கிறவர் உடுத்துவது இந்தியாவில் உள்ள சொந்த ஊரிலிருந்து வந்த துணியாக இருக்க வேண்டும் என்பது நம் தோட்டத்து வழக்கம். கங்காணி வீட்டுக்கு வருஷா வருஷம் ஊரிலிருந்து வரும். உங்களுக்கு யார் இருந்தார்கள்? கைப்பிள்ளையாகக் கப்பலேறி வந்தவர். கூடப்பிறந்தவர் என்று ஒருவரும் கிடையாது. உங்களைக் கட்டிக்கொண்ட என் அக்கா ஒரு பக்கம் அழுதாள். நான்தான் துணிந்து, "பதுளைக்குப் போவோம், வாங்க" என்று கூட்டிப்போனேன்.

கடை முதலாளி மூன்று பட்டுத் துணியை விரித்துப் போட்டார். கண்ணைப் பறிக்கிற வெள்ளையை நீங்கள் தொட்டீர்கள்.

"இது நல்லா மின்னுது மாப்ள."

"மின்னும் மச்சான். மில்லுத் துணி. இதப் போட்டுக்கிட்டு நின்னா வெள்ளையடிச்ச தூண்ல காக்கா ஒக்காந்த மாதிரி இருக்கும்."

முதலாளிகூடச் சிரித்தார். சின்ன வயதில் கும்பகோணத்துத் தறிக்காரர் வீட்டில் நூல் சுற்றியவன் நான். எழுத்துத் தெரியாதே தவிர பட்டுத் தெரியும். சந்தன நிறத்தைப் புரட்டிப் பார்த்தேன். கரையோரம் வரிசையாக ஊசித் துளை. கைத்தறியில் இழுத்துக் கட்டின அடையாளம். ஓர் இழையை உருவி நெருப்புக் குச்சியில் காட்டினேன். முடி கருகுகிற வாசம் வந்தது, சாம்பல் விரலில் பொடிந்தது. அதையே எடுத்தோம். அதே நிறத்தில் அரக்குக் கரை வைத்த வேட்டியும், ஒரு சால்வையும்.

ஜிப்பா முழங்காலுக்குக் கீழே நாலு விரல் இறங்க வேண்டும், கை தொளதொளவென்று இருக்க வேண்டும், தங்கப் பொத்தான் வேண்டாம், சங்குப் பொத்தான் போதும் என்று டெய்லருக்கு நான்தான் சொன்னேன். வேட்டியின் அரக்குக் கரை நெஞ்சுக்கு நேராகக் கீழே இறங்க வேண்டும் என்று உங்களுக்கு மூன்று தடவை கட்டிக் காட்டினேன். சால்வையை ஒடுக்கமாக மடித்து இடது தோளில் போட்டுவிட்டேன், விபூதி வாங்கக் கை ஒழிவாக இருக்கட்டும் என்று.

லயத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் நானே முந்திக்கொண்டு சொன்னேன்: "துறையூர்ல அண்ணன் நல்லதம்பி இருக்காருல்ல, அவரு நெய்யச் சொல்லி அனுப்புனது." இல்லாத ஆளுக்குப் பெயர் வைத்தேன். உங்கள் மகள் பாக்கியம் கையைத் தட்டிக் குதித்தாள், தனக்கு ஒரு பெரியப்பா கிடைத்துவிட்டார் என்று. நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். 

ஐப்பசியில் பிரஜாவுரிமை விசாரணைக்கு அழைப்பு வந்தது. அந்தப் பட்டு ஜிப்பாவையே உடுத்தச் சொன்னவனும் நான்தான். "சால்வை மட்டும் வேணாம் மச்சான், சர்க்கார் கந்தோருக்குப் போறோம். மத்தது இருக்கட்டும். கூலியாள்னு நெனைக்காம குடும்பஸ்தன்னு நெனைப்பாங்க." சாட்சிக்குக் கங்காணியும் நானும் வந்தோம்.

விசாரணை செய்த அதிகாரி கேட்டதை யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் மொழிபெயர்த்துக் கேட்டார். "இந்தியாவிலை உமக்கு ஆரும் சொந்தக்காரர் இருக்கினமோ?"

"ஒருத்தரும் இல்லீங்கய்யா. நான் வளர்ந்ததெல்லாம் இங்கதாங்க."

அது சத்தியம். அதோடு முடிந்திருக்கும். கங்காணி உங்களை உயர்த்திப் பேசுவதாக நினைத்து வாயைத் திறந்தார். "இவரு சும்மா ஆளு இல்லீங்க. இந்தா போட்டிருக்காரே பட்டு, ஊர்லருந்து அண்ணங்காரர் அனுப்புனதுங்க."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். மொழிபெயர்த்த ஐயா உங்களைப் பார்த்தார். "அப்ப அந்தத் தமையன் ஆர்?"

"அப்படி யாரும் இல்லீங்கய்யா. இது பதுளைக் கடையில எடுத்தது."

"கங்காணி பொய் சொல்லுறாரோ?" ஐயா என் பக்கம் திரும்பினார். "நீர் சொல்லும். அனுப்பினதோ, வாங்கினதோ?"

கங்காணி என் தோளுக்குப் பக்கத்தில் நின்றார். அவர் மூச்சு என் காதில் பட்டது. கடைத்துணியில் பரிவட்டம் கட்டி அம்மனையும் தோட்டத்தையும் ஏமாற்றினோம் என்று அவர் முன்னால் எப்படிச் சொல்வேன்? உங்களையும் அக்காளையும் ஒதுக்கி வைப்பார்களே என்று பயந்தேன். அப்படித்தான் இத்தனை நாளாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். என்னைத்தான் ஒதுக்குவார்கள் என்று பயந்தேனோ?

"அண்ணன் அனுப்புனதுதாங்க" என்றேன்.

திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில் என்ன சொன்னீர்கள் தெரியுமா? "பசிக்குதா மாப்ள? வடை வாங்கவா?" ஓர் அறை அறைந்திருக்கலாமே மச்சான்.

எட்டு மாதம் கழித்துக் காகிதம் வந்தது. இந்தியாவில் இருக்கிற சொந்தத்தை மறைத்தார், மனு தள்ளுபடி என்று கிளாக்கர் வாசித்தார். அதற்குப் பிறகு ஏழு வருஷம் நீங்கள் இந்த மண்ணில் கொழுந்துக் கூடை சுமந்தீர்கள், எந்த நாட்டுக்காரராகவும் இல்லாமல். அந்த நல்லதம்பி யார் என்று பாக்கியத்திடம் ஒரு நாளும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? என்னைக் காப்பாற்றவா?

இப்போது இங்கே நடப்பதைக் கேளுங்கள். நீங்கள் கண்மூடிய மூன்றாம் மாதம் பாக்கியமும் மருமகனும் இந்தியப் பாஸ்போட்டுக் கடதாசி எடுத்துக்கொண்டு, கப்பல் பிடிக்கத் தலைமன்னாருக்கு ரயிலேறினார்கள். மருமகன் மனுவும் தள்ளுபடியாகிக் கிடந்ததே. பதுளை ஸ்டேஷனில் என் கண்ணைத் துடைத்துவிட்டு அவள் சொன்னாள்: "ஏன் மாமா அழுவுறீங்க? பெரியப்பா வீட்டுக்குத்தானே போறோம்." அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். ரயில் நகர்கிற வரைக்கும் நேரம் இருந்தது. சொல்லவில்லை.

போன மாதம் கடிதம் வந்தது. மாஸ்டர்தான் வாசித்தார். "துறையூர்ல தெருத்தெருவாக் கேட்டாச்சு மாமா. நல்லதம்பின்னு அப்பாவுக்கு அண்ணன் யாரும் இருந்ததே இல்லைங்கறாங்க. புள்ளைகளோட கோயில் சத்திரத்தில கெடக்கோம். சரியான வெலாசம் அனுப்புங்க மாமா."

என்ன விலாசம் அனுப்புவேன்?

வெள்ளிக்கிழமை இதை வாசித்து முடித்ததும் மாஸ்டர் உறையில் போட்டு அவளுக்கு அனுப்புவார். அவள் தேட வேண்டாம். சபிப்பாள், சபிக்கட்டும். இனி யாரிடமும் அந்தப் பொய்யைச் சொல்லமாட்டேன் மச்சான், இது உங்கள் மேல் சத்தியம். அது பொய் என்று தெரிந்த கடை முதலாளி போய்விட்டார். டெய்லர் போனார். அக்கா போனாள். நீங்களும் போனீர்கள். மிச்சம் இருப்பது ஒரே ஆள்.

உங்கள் மச்சினன்,
வீரமுத்து