கடைக் கட்டிலில் ஒரு மதியத் தூக்கம்

அன்புத் தங்கத்துக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம், வழக்கத்துக்காக இதை எழுதவில்லை, நிஜமாகவே சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இருமல் விட்டதா? நீ இருமலை அடக்கிக்கொண்டு போனில் பேசுவது எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. மாடி வீட்டுக் குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டது, கண்ணில் பட்டதையெல்லாம் கடிக்கிறது, நேற்று என் விரல் போக இருந்தது. எங்கள் ஓட்டல் சலவைக்கூடத்தில் புது இஸ்திரி இயந்திரம் வந்திருக்கிறது, விரிப்பை ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் காகிதம் மாதிரி வழுக்கிக்கொண்டு வருகிறது, இடுப்பு வலி பாதி குறைந்துவிட்டது. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம், ஆனால் சொல்ல வந்த விஷயம் போனில் சொன்னால் உதிர்ந்துவிடும் போலிருந்தது, அதனால்தான் பேனாவைத் தேடி எடுத்தேன்.

அப்பா பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய அந்தப் பரிசு அட்டையைப் பற்றித்தான், அதில் இருக்கிற பணத்துக்குக் கடையில் எதை வேண்டுமானாலும் நாமே வாங்கிக்கொள்ளலாம் என்றாயே, அது. அன்றைக்கு அவர் போனில் உன்னிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அப்பாவுக்கு என்ன பிடிக்கும்னு யோசிக்கக்கூட உனக்கு நேரமில்லையா, என்னைக் கொண்டுபோய்க் கடைக்காரன் கையில ஒப்படைச்சிட்டியே என்று கேட்டுவிட்டார். நீ போனை வைத்துவிட்டாய், அதற்குப் பிறகு அவரிடம் பேசவில்லை. அவரும் போன் அடித்தால் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார், அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே வீம்பு, நடுவில் நான் மத்தளம். ஆனால் நீ அப்புறம் என்னிடம் சொன்னது எனக்குள் தைத்துக்கொண்டே இருந்தது. அம்மா, நாள் கணக்கா யோசிச்சேன்மா, அப்பாவுக்கு என்ன வேணும்னு எனக்கு நிஜமாவே தெரியலம்மா என்றாயே. உனக்குத் தெரியாதது இருக்கட்டும், ஒரே வீட்டில் இருக்கிற எனக்கு மட்டும் தெரியுமா என்ன? இடது கண் மங்கி, டிப்போவில் இனி பஸ் ஓட்ட வேண்டாம் என்று சொல்லி அனுப்பிய நாளிலிருந்து அவர் ஜன்னலும் நாற்காலியுமாக இருந்தார். ராத்திரியில் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருப்பார், விடியும் முன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, போக இடம் இல்லாமல் திரும்பக் கழற்றுவார். யார் யாரோ சொகுசாகத் தூங்க நாளெல்லாம் விரிப்புத் தேய்க்கிறவள் நான், சொந்தப் புருஷன் கண் அயர்ந்து பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

அட்டை மேசை இழுப்பறையிலேயே கிடந்தது. போன வாரம் எனக்கு விடுமுறை, மேகமூட்டமாக இருந்தது, மழையும் இல்லை வெயிலும் இல்லை, எதற்கும் அவசரமில்லாத ஒரு மதியம். அட்டை காலாவதி ஆகப்போகுதுங்க, பொண்ணு சம்பாதிச்ச காசு, நமக்கு வீம்பு இருந்தா காசுக்கும் வீம்பா என்று கேட்டேன். முணுமுணுத்துக்கொண்டே செருப்பை மாட்டினார். பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் உட்காராமல் கடைசி இருக்கைக்குப் போய்விட்டார், நானும் பின்னாலேயே போய் உட்கார்ந்தேன்.

அந்தக் கடை எவ்வளவு பெரியது என்று உனக்குத் தெரியுமோ என்னவோ, நான்கு மாடி. நகரும் படிக்கட்டில் எந்தப் படியில் கால் வைப்பது என்று அவர் கண்ணுக்குப் பிடிபடவில்லை, தயங்கி நின்றவர் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மேலே போய்ச் சேர்ந்த பிறகும் விடவில்லை. பாத்திரம், கடிகாரம், சட்டை, செருப்பு, எல்லாவற்றுக்கும் நடுவில் கை கோத்துக்கொண்டு நடந்தோம், எங்கேயோ மெல்லிய இசை போட்டிருந்தார்கள், தண்ணீருக்கு அடியில் நடப்பது போல இருந்தது. எதைக் காட்டினாலும் இது எதுக்கு, அதான் இருக்கே என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, ஆனால் கோபமே வரவில்லை, இப்படியே ஒன்றும் வாங்காமல் நடந்துகொண்டிருக்கலாம் போலிருந்தது.

கடைசி மாடியில் கட்டில், மெத்தை. முழு அறை மாதிரியே ஜோடித்து வைத்திருக்கிறார்கள், மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் திறந்திருக்கும். அலமாரியில் உள்ளே வெறும் அட்டையாக இருக்கிற புத்தகங்கள். ஒரு ஜன்னல், அதற்குப் பின்னால் கடல் படம், படத்துக்குப் பின்னால் விளக்கு. சும்மா கால் வலிக்குது என்று அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார், பிறகு சாய்ந்தார், நான் தலையணை விலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு நிமிர்வதற்குள் தூங்கிவிட்டார். சாதாரணத் தூக்கமா அது, கும்பகர்ணன் வந்து பாடம் கேட்க வேண்டிய தூக்கம், லேசாகக் குறட்டை வேறு. எனக்கு மானம் போயிற்று, தோளைத் தொட்டு எழுப்பப் போனேன், அதற்குள் அந்தப் பகுதியில் விற்பனைக்கு நிற்கிற பெண் வந்துவிட்டாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ தூங்கட்டும் விடுங்கம்மா, இதுல படுக்கறவங்க எல்லாரும் முழிச்சிக்கிட்டே விலை கேப்பாங்க, இவர்தான் கட்டிலைக் கட்டிலா நடத்தறார் என்று சிரித்தபடி தலைமாட்டு விளக்கை அணைத்துவிட்டு, எனக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டாள்.

அந்த இல்லாத அறையில் நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. வருகிறவர்கள் எல்லாம் எங்களைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு போனார்கள், ஒரு இளம் ஜோடி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடந்தது. நீ பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருக்கிறாய், இப்போது வந்து என்னம்மா சாப்பிடலாமா என்று கேட்பாய் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அவர் முகம் தளர்ந்து, நெற்றி மடிப்பெல்லாம் நீவி விட்டது போல் ஆகிவிட்டது. நீ ஒரு பொருளைப் பார்த்துப் பார்த்து அனுப்பியிருந்தால் பிரித்துப் பார்த்து அலமாரியில் வைத்திருப்போம் கண்ணு, இந்தத் தூக்கத்தை எந்தக் கடையில் தேர்ந்தெடுத்து, எந்தப் பெட்டியில் போட்டு அனுப்பியிருப்பாய் சொல்.

கண் விழித்ததும் அவருக்கு எந்த இடம் என்று புரியவில்லை. வெளிச்சம் வருகிற அந்த ஜன்னலையே பார்த்து, சின்ன வயதில் உன்னைக் கூப்பிடுகிற மாதிரி, வாலு வந்துட்டாளா, அவ ரூம்ல லைட் எரியுதே என்றார். கொஞ்ச நேரத்தில் அவருக்கே புரிந்துவிட்டது. சட்டையை நீவிக்கொண்டு எழுந்து, நானா தூங்கினேன் என்று இரண்டு தடவை கேட்டார்.

கட்டில் விலைக்கு அட்டையில் இருந்த பணம் எட்டாது, தலையணை வாங்கினோம். இரண்டு எடுத்தேன். மூணா எடு, அவ வந்தா தலைக்கு வேணாமா என்று அவரே மூன்றாவதை எடுத்து அழுத்தி அழுத்திப் பார்த்தார், இது கல்லு, இது பஞ்சு மாதிரி அமுங்கிடுது, அவளுக்குக் கழுத்து வலிக்கும் என்று ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்து, அந்தப் பெண்ணைப் படாத பாடு படுத்திவிட்டார். இப்போது தினமும் தூங்குகிறார் என்று பொய் சொல்ல மாட்டேன், சில நாள் தூங்குகிறார், சில நாள் இல்லை. ஆனால் மத்தியானத்தில் வெளியே நடந்துவிட்டு வருகிறார், அது போதும்.

குளிர் கோட்டில் பொத்தான் தைத்துக்கொள், இருமலுக்கு வெந்நீர் குடி, சம்பளத்தை எங்களுக்கென்று செலவழித்துவிட்டு நீ பட்டினி கிடக்காதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய், நான் வேண்டுமென்றே குளிக்கப் போய்விடுவேன், அவர்தான் எடுத்தாக வேண்டும். கடிதம் எழுதுகிறேன் என்றதும், என்ன எழுதட்டும் என்று அவரைக் கேட்டேன். மன்னிப்பெல்லாம் அவர் வாயில் வராது, உனக்குத் தெரியும். தெருவைப் பார்த்தபடியே, நான் நல்லாத் தூங்கினேன்னு அவகிட்ட எழுது என்றார்.

போகிற வழியெல்லாம் உனக்கு வெளிச்சமாக இருக்கட்டும் என்று வாழ்த்தும்,
உன் அம்மா.