மதினி அழுததை இசைத்தட்டில் போட்டவனுக்கு

வலையபட்டி
18-6-1973

சிரஞ்சீவி தங்கச்சாமிக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீ சிங்கப்பூரில் சுகமாகத்தான் இருப்பாய், ஊரே கைதட்டும்போது உடம்புக்கு என்ன வந்துவிடப் போகிறது. இங்கே உன் ஆத்தாவுக்கு மூட்டுவலி, மழை இல்லை, கடலை கருகிவிட்டது, மற்றபடி உயிரோடு இருக்கிறோம். யுத்தம் வேண்டாம் என்று நீ பாடிய பாட்டு திருப்பத்தூரில் டீக்கடைக்கு டீக்கடை ஓடுகிறது. அதைக் கேட்டு ஆயிரம் பேர் அழுதார்கள் என்று பெருமையாக எழுதியிருந்தாய். அழமாட்டார்களா பின்னே? உன் அண்ணன் குழந்தைவேலு எல்லையில் செத்தபோது உன் மதினி மலையம்மாள் மாரடித்துப் பாடியதைத்தானே அப்படியே எடுத்து மெட்டுப் போட்டிருக்கிறாய். டிரங்குப் பெட்டி வந்திருச்சே, தெறந்து பாத்தேன் நீ இல்லையே என்பது உன் சொல்லா? யுத்தம் கூடாது என்று பாடியதை நான் குறை சொல்லவில்லை, பிள்ளையைப் பறிகொடுத்தவன் சொல்வானா. அவளை ஒரு வார்த்தை கேட்டாயா நீ?

போன வெள்ளிக்கிழமை உன் தங்கை உமையாளுக்குப் பரிசம் போட நெற்குப்பையிலிருந்து மூன்று வண்டியில் இருபது பேர் வந்தார்கள். வெற்றிலை பாக்கு மாற்றப் போகிற நேரம், மைக் செட்டுக்காரன் உன் பாட்டுப் பிளேட்டைப் போட்டுவிட்டான். நம்ம வீட்டுப் பிள்ளை பாடுனதாச்சே, போடாட்டி நல்லாருக்குமா என்றானாம் படுபாவி. ஒப்பாரிக் குரல் கேட்டால் அதைத் தனியே விடாமல் கூடச் சேர்ந்து அழுவது நம் பெண்களின் வழக்கம், உனக்குத் தெரியாததா. தாலியறுத்தவள் என்று பின்கட்டில் தேங்காய் துருவ உட்கார வைத்திருந்தோம் மலையம்மாளை. தன் அழுகையே ஆம்பளைக் குரலில் வருவதைக் கேட்டதும் தலையை விரித்துப்போட்டுக்கொண்டு பந்தல் நடுவே வந்து, மாரில் அறைந்து எதிர்ப்பாட்டுப் பாட ஆரம்பித்துவிட்டாள். பரிசம் போட வந்தமா, கேதத்துக்கு வந்தமா, எந்திரிச்சு வாங்க போவோம் என்று மாப்பிள்ளையின் தாயார் கிளம்ப, வண்டி மூன்றும் திரும்பிப் போய்விட்டன. உமையாள் மூன்று நாளாகச் சோறு தண்ணி இல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறாள். ஊர் உன்னை ஒரு சொல் சொல்லவில்லை, மூதேவி என்று மலையம்மாளைத்தான் ஏசுகிறது. மறுநாள் முதல் பஸ்ஸில் அவளைப் பிறந்த ஊருக்கு அனுப்பிவிட்டோம். பஸ்ஸில் ஏறுமுன் உன் ஆத்தாவிடம், வாயத் தெறந்தா தம்பி பாட்டாத்தேன் வருது அத்தை, அவுகளுக்குன்னு அழ எங்கிட்ட இனி ஒண்ணுமில்ல என்று சொன்னாளாம்.

வேளைக்குச் சாப்பிடு, கண்ட தண்ணீரைக் குடிக்காதே. மதுரை மீனாட்சி உன்னை நன்றாக வைக்கட்டும், பெற்றவன் வேறு என்ன சொல்ல. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அந்தப் பாட்டில் எல்லையில் சுட்டவனை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறாய், திட்டு. கடைசியில் இதையும் சேர்த்துக்கொள். பந்தலில் இத்தனை பேர் பார்க்க உன் மதினியைச் செருப்பைக் கழற்றி அடித்தவன் எந்த நாட்டுக்காரனும் இல்லை, நான்தான். அடிக்க அடிக்க அவள் பாடினாள். பிளேட்டுதான் முதலில் நின்றது.

இப்படிக்கு,
உன் தகப்பன்
சின்னச்சாமி