கரடியை விட்டுவிட்டுக் கேடயத்தைப் பூட்டக் கோரும் மனு

அனுப்புநர்:
நூலகர்,
பணியாளர் குடியிருப்பு, கடைசி வீடு,
பல்கலைக்கழக மலை வளாகம்.

பெறுநர்:
உயர்திரு பதிவாளர் அவர்கள்,
தலைமை அலுவலகம், மலையடிவாரம்.

பொருள்: தாய்க்கரடியைப் பிடிக்க நாளை வரவிருக்கும் கூண்டை நிறுத்தி, பசுமைக் கேடயத்தைத் திரும்பப் பெறக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வளாகத்தில் கரடி நடமாட்டம் என்று தங்களுக்குப் புகார் வந்து, நாளை கூண்டு வருவதாக அறிந்தேன். அது முதலில் வந்தது எங்கள் வீட்டுப் பின்பக்கம்தான் என்பதால், அதைப் பற்றிப் பேச எனக்கு ஓரளவு தகுதி உண்டு.

2. உணவு வீணாகக் கூடாதென்று பசுமைக் குழு, தட்டுக் கழுவும் இடத்தில் ஒரு தராசு வைத்தது. எந்த விடுதியின் மிச்சம் குறைவோ, அதற்குக் கேடயம். நல்ல எண்ணம்தான். ஆனால் நம் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். மிச்சத்தைத் தராசின் கண்ணில் காட்டாமல் பையில் சுருட்டி, விடுதிக்கும் எங்கள் வீட்டுக்கும் பின்னால் உள்ள பள்ளத்தில் வீசுகிறார்கள். தராசு காற்று வாங்குகிறது, பள்ளம் நிரம்புகிறது. கேடயத்தைத் தாங்களே மேடையில் வழங்கினீர்கள். நானும் கைதட்டினேன்.

3. தன் பாட்டுக்குக் காட்டில் புற்றைத் தோண்டிப் பிழைத்த கரடிக்கு மூக்கு எதற்கு இருக்கிறது? குட்டியோடு வந்துவிட்டது. இயற்பியல் பேராசிரியரான என் கணவர், கரடிக்கும் தமக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிட்டதில் கதவைத் தாழிட மறந்துவிட்டார். நான்தான் ஓடிப்போய்த் தாழிட்டேன்.

4. விடுதிக் காப்பாளரிடம் முறையிட்டேன். “கேடயம் இப்பதான் நம்ம கைக்கு வந்திருக்கு மேடம், இதைப் போய்க் கிளறாதீங்க” என்றார்.

5. சென்ற வாரம் குட்டியின் தலை பள்ளத்தில் கிடந்த ஒரு தயிர் டப்பாவுக்குள் மாட்டிக்கொண்டது. தாய் குட்டியைக் காலால் அழுத்திப் பிடித்து, டப்பாவைக் கடித்துக் கழற்றும்வரை நானும் கணவரும் ஜன்னலோரம் நின்றோம். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது.

6. ஆகவே, கூண்டைத் திருப்பி அனுப்பி, கேடயத்தைத் தங்கள் அலமாரியில் வைத்துப் பூட்டுமாறு வேண்டுகிறேன். பள்ளத்தைச் சுத்தம் செய்ய விடுதிகளுக்கு உத்தரவிடுங்கள். சாக்குப்பையோடு முதலில் இறங்க நான் தயார். கணவரும் வருவார், எனக்குப் பின்னால். தீனி நின்றால் கரடி தானே காட்டுக்குத் திரும்பிவிடும் என்று விலங்கியல் துறையினரும் சொல்கிறார்கள்.

கூண்டில் ஒரு கரடிக்குத்தான் இடமாம். குட்டி இன்னும் பால்குடி மறக்கவில்லை, ஐயா. சாப்பாடு போட்டு அழைத்தது நாம். வந்த தாயைப் பிடித்துக்கொண்டுபோனால், குட்டி நம் பள்ளத்தில்தான் அவளைத் தேடும்.

தங்கள் உத்தரவுக்காகக் கதவைத் தாழிட்டுக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
நூலகர்

உடன் கையொப்பம்: கணவர்

இடம்: மலை வளாகம்
நாள்: வியாழக்கிழமை, கூண்டு வருமுன்