கை தூக்கியவன்

அன்புள்ள அமுதவள்ளிக்கு,

நலமாக இருக்கிறேன். உனக்குக் கால் வீக்கம் வடிந்ததா? அப்பாவுக்கு இருமல் விட்டதா?

எங்கள் மென்பொருளில் உத்தரவிடும் கணினிக்கு ‘மாஸ்டர்’, கீழ்ப்படியும் கணினிக்கு ‘ஸ்லேவ்’ என்று பெயர். அடிமை என்ற சொல் நமக்கு எதற்கு என்று நேற்று ஆபீசில் இரண்டு மணி நேரம் வாக்குவாதம். “பழைய பேருதானே, விடுங்க லா” என்று இந்த ஊர்ப் பாணியில் இழுத்தான் பக்கத்து மேசை ஆஷிக். மாற்றியே ஆக வேண்டும் என்று முதலில் கை தூக்கியவன் நான். இன்றும் என் எண்ணம் அதுதான்.

ஆனால் இங்கே கை தூக்கியவன் தலையில்தான் வேலை விழும். அதை மறந்துவிட்டேன். உன் வளைகாப்புக்கு லீவு கேட்டிருந்ததை நினைவூட்டினேன். “இத முடிச்சிட்டுப் போங்க லா, சிவா. உங்க ஐடியாதானே?” என்று மேலாளர் உஷாராணி சிரித்தார். நானும் சிரித்தேன்.

கீழ்வீட்டு கௌஸ் அண்ணன் ஊருக்கு வருகிறார். இங்கே பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் வாங்கிய வளையல்களை இந்தக் கடிதத்தோடு கொடுத்தனுப்புகிறேன். அளவு சரியா என்று சொல். அவரிடமே கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடு. வளைகாப்பன்று போனை உன் பக்கத்தில் நிறுத்தி வை; அதில்தான் நான் பார்க்க முடியும்.

‘ஸ்லேவ்’ என்ற அந்தச் சொல் நானூறு இடங்களில் இருக்கிறது; நாற்பதில்தான் எடுத்திருக்கிறேன். உஷாராணி கூப்பிடுகிறார். “இதோ வந்துட்டேன் மேடம்” என்று எழுந்தே விட்டேன். நின்றபடிதான் கையெழுத்துப் போடுகிறேன்.

உன்,
சிவநேசன்