இரண்டாவது சாட்சி

பெரியவனுக்கு,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிக்கொள். நான் வக்கீல் ஆபீசுக்குப் போகிறேன். இன்று உயிலில் கையெழுத்துப் போடுகிறேன். வீடு உன் தங்கச்சிக்கு. நான் ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும் அவள்தான் பக்கத்தில் இருந்தாள். நீ ஒரே ஒரு தடவை வந்தாய், அதுவும் பீரோ சாவி கேட்டு.

நான் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து, என் முன்னாலேயே இரண்டு பேர் சாட்சி போட வேண்டுமாம். மருந்துக்கடைக்காரர் வருகிறார். இரண்டாவதாக வருவதாக இருந்த மாடி வீட்டு டீச்சருக்குக் காய்ச்சல். "நான் போடுறேம்மா" என்றாள் உன் தங்கச்சி. வக்கீல் தடுத்துவிட்டார். "சொத்து வாங்குறவங்களே சாட்சி போட்டா, அவங்களுக்கு எழுதினது செல்லாமப் போயிடும். எதுவும் வராத ஆளாப் பாருங்கம்மா."

நீ இருக்கிறாயே.

நான்கு மணிக்கு வந்துவிடு. அடையாள அட்டை மறக்காதே. நீயே சாட்சி போட்ட உயிலை, நாளைக்கு நீயே பொய் என்று அவளோடு சண்டைக்கு நிற்க முடியாது.

அம்மா

பி.கு.: உன்னைக் கூப்பிடப் போகிறேன் என்றதும் வக்கீல், "பெத்த பிள்ளையாச்சே, மனசு கஷ்டப்படாதா?" என்றார். யார் மனசு என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.