கை தவறியது என்றார் மாப்பிள்ளை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நானும் உன் அம்மாவும் சுகம். அங்கே குளிர் அதிகம் என்று செய்தியில் சொன்னார்கள். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். முதலாவது, நீ போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் கூட்டத்தில் இருப்பதாகச் சொல்லி வைத்துவிடுகிறாய். இரண்டாவது, நம் வீட்டு போனை இப்போது எத்தனை பேர் ஒட்டுக்கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. முப்பது வருஷம் குற்றவியல் நீதிமன்றத்தில் உட்கார்ந்து சாட்சிகள் சொன்னதையெல்லாம் தட்டச்சு செய்தவன் நான். போனில் பேசி மாட்டிக்கொண்டவர்களின் கதையை வரிவரியாக அடித்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளையைக் கம்பெனியில் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். போலீசிலும் புகார் கொடுத்திருக்கிறார்கள். உனக்கு அவர் ஏற்கெனவே சொல்லியிருப்பார், அல்லது சொல்லாமல் மறைத்திருப்பார். இரண்டாவதுதான் நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர்கள் ராக்கெட்டின் உடம்பை மட்டும்தான் இங்கே செய்கிறார்கள், எஞ்சின் வெளிநாட்டிலிருந்து வருகிறது என்பது உனக்குத் தெரியும். அந்த நாட்டோடு மனஸ்தாபம் வந்து எஞ்சின் வருவது நின்றுபோனது. மாப்பிள்ளை இரண்டு வருஷம் தேடி, வேறொரு நாட்டில் ஒரு பழைய தொழிற்சாலையில் பன்னிரண்டு எஞ்சின்கள் துணி போர்த்திச் சும்மா கிடப்பதைக் கண்டுபிடித்தார். என்ன விலைக்குக் கேட்கப் போகிறோம், எப்போது கேட்கப் போகிறோம் என்றெல்லாம் ஒரு கோப்பில் எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் கோப்பு அவருடைய கணினியிலிருந்து வெளியே போய்விட்டது. வேறொரு நிறுவனம் முந்திக்கொண்டு பன்னிரண்டையும் வாங்கிவிட்டது. இங்கே எஞ்சின் இல்லாத ராக்கெட் கொட்டகையில் நிற்கிறது. தொழிலாளிகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சவரக் கடைக்காரரின் தம்பி அங்கே வெல்டர். அவரும் இப்போது கடையில் வந்து உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்.

கேட்டால் மாப்பிள்ளை, "கை தவறிடுச்சு மாமா. சேமிக்கிற பொத்தானும் அனுப்புற பொத்தானும் பக்கத்துல பக்கத்துல இருக்கு. ரெண்டும் ஒரே நிறம்" என்கிறார். தலையைக் குனிந்துகொண்டு, திக்கித் திக்கிச் சொல்கிறார்.

நான் நம்பவில்லை. என் தட்டச்சு இயந்திரத்தில் 'க' அடித்தால் 'க'தான் விழுந்தது, ஒரு நாளும் கடிதமாகப் பறந்து அடுத்த ஊருக்குப் போகவில்லை. கத்தி கை தவறிக் குத்திவிட்டது என்று சொன்னவர்களை எத்தனை பேர் பார்த்திருக்கிறேன்! கை தவறினால் குற்றமில்லை, வேண்டுமென்று செய்தால்தான் குற்றம் என்று யாரோ வக்கீல் இவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

அந்தக் கம்பெனியின் கணினித் திரை மோசம் என்பது மட்டும் உண்மையாக இருக்கலாம். நீயே சொல்லியிருக்கிறாய். பொத்தானை எங்கே வைத்தால் மனுஷன் தடுமாற மாட்டான் என்பதுதானே நீ படித்த படிப்பு. மாற்றித் தருகிறேன் என்று அங்கே நேரில் போய்க் கேட்டுவிட்டு வந்தாயே, நினைவிருக்கிறதா? அன்றைக்கு வந்து நீ சாப்பிடக்கூட இல்லை.

உன் அம்மா மாப்பிள்ளை பக்கம். நான் ஏதாவது சொன்னால், "உங்களுக்குப் பால்காரர் மேலயும் சந்தேகம், பால் மேலயும் சந்தேகம்" என்கிறாள். சவரக் கடைக்காரர் நேர் எதிர். நாட்டு ரகசியத்தை விற்றவனை விசாரிக்கவே கூடாதாம், நேராகத் தூக்கில் போட வேண்டுமாம். யார் என்று தெரியாமலே தூக்கில் போட்டுவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். "அதெல்லாம் மூஞ்சியப் பார்த்தாலே தெரியும் சார்" என்றார். முகத்தில் சோப்போடு கத்திக்கு அடியில் உட்கார்ந்திருந்ததால் நான் மேற்கொண்டு பேசவில்லை.

நீ கவலைப்படாதே. அவர் மேல் ஒரு கண் வைத்திருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் நலம் நாடும்
அப்பா

*

அன்பு மகளுக்கு,

முந்தைய கடிதத்துக்குப் பதில் இல்லை. தபால் தாமதம் என்று அம்மா சொல்கிறாள். யாராவது பிரித்துப் படிக்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். இந்த உறையின் ஓரத்தில் என் கையெழுத்தைப் பாதி உறையிலும் பாதி மடிப்பிலுமாகப் போட்டிருக்கிறேன். கோடு விலகியிருக்கிறதா என்று பார்.

நேற்று விசாரணை அதிகாரி வீட்டுக்கு வந்தார். பெண்தான், உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். கூடவே ஒரு கணினிக்காரர். சாப்பாட்டு மேசையில் மாப்பிள்ளையின் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "ஐயா, கை தவறி அனுப்ப முடியுமான்னு நீங்களே அழுத்திப் பாருங்க."

உட்கார்ந்தேன். பொத்தான்கள் பக்கத்தில் இருப்பது வாஸ்தவம்தான். தவறாக அழுத்தினால் உடனே போகவில்லை. யாருக்கு என்று கேட்டது. முகவரி புதிது என்று சொல்லிப் பயமுறுத்தியது. இன்னொரு பெட்டி திறந்தது, அதில் ஏதோ கடவுச்சொல் கேட்டது. பின்னால் போனால் வேறு எங்கோ போனது, முன்னால் வந்தால் ஆரம்பத்துக்கே வந்தது. எனக்கு வியர்த்துவிட்டது. கணினிக்காரர் சிரித்தார். "இதுல வேணும்னு அனுப்புறதே கஷ்டம் சார். தெரியாத்தனமா அனுப்பவே முடியாது. இதைச் செஞ்சவங்களுக்குக் கணினி தண்ணி பட்ட பாடு" என்றார்.

நான் சொன்னேன் பார்த்தாயா என்று அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

பிறகு அதிகாரி தேதியைச் சொன்னார். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை வேளையில், இந்த வீட்டிலிருந்துதான் கோப்பு போயிருக்கிறது. மாப்பிள்ளையிடம், அப்போது எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வீட்லதான் இருந்தேன் மேடம். கை தவறலை. வேணும்னேதான் அனுப்பினேன். யாரும் சொல்லித் தரலை, யாருக்கும் தெரியாது, நான் ஒருத்தன்தான்" என்றார். ஒரு வார்த்தை தடுக்கவில்லை. முதல் நாள் அப்படித் திக்கியவர், மனப்பாடம் செய்ததுபோல் ஒப்பித்தார். உண்மையைச் சொல்கிற சாட்சிகள்தான் தடுமாறுவார்கள், என்னை இரண்டு மூன்று தடவை அழித்து அடிக்க வைப்பார்கள். பொய்ச் சாட்சி சொல்வதை ஒரே மூச்சில் அடித்துவிடலாம்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏன் தெரியுமா? அந்த ஞாயிறு நீ அந்த ஊருக்குப் புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு. மறுநாள் எல்லோரும் சேர்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம் என்று நீதானே எங்கள் இருவரையும் முடி வெட்டிக்கொள்ள விரட்டினாய். காலை முழுக்க அவர் சவரக் கடையில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். கூட்டம் அதிகம். அவர் எழுந்துகூடப் போகவில்லை.

அதிகாரியிடம் நான் அதைச் சொல்லவில்லை. யோசிக்க வேண்டும் என்று தோன்றியது. அவர் யாரையோ காப்பாற்றுகிறார். கூட வேலை செய்கிற ஒருவர் அடிக்கடி வருவாரே, வெற்றுச் சிரிப்புக்காரர், அவராக இருக்குமோ? மாப்பிள்ளையின் சாவி யாரிடமாவது இருக்குமோ? அம்மா அன்றைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். வீட்டில் நீ மட்டும்தான் இருந்தாய். நன்றாக யோசித்து எழுது. அன்று காலை யாராவது வந்தார்களா? நீ குளிக்கப் போனபோதோ, பெட்டி கட்டும்போதோ, யாராவது மாடியில் மாப்பிள்ளையின் கணினி இருக்கும் அறைக்குப் போயிருக்க முடியுமா?

சவரக் கடைக்காரருக்கு இன்னும் அந்த நாள் நினைவு வரவில்லை. என்னைப் பார்த்தால் வந்துவிடுமோ என்று நான் இப்போது அங்கே போவதை நிறுத்திவிட்டேன். வீட்டிலேயே சவரம் செய்துகொள்கிறேன். கன்னத்தில் இரண்டு வெட்டு. அம்மா பஞ்சு வைத்துவிட்டாள்.

உடனே பதில் போடு.

அன்புடன்
அப்பா

*

என் கண்ணே,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. உன் ஊருக்கு வேலையாக வருகிற ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன். அவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. படித்ததும் என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நீ பதில் எழுதவில்லை. தபால் மேல் இருந்த சந்தேகம் போய்விட்டது.

போன வாரம் மாப்பிள்ளையைச் சோதித்துப் பார்த்தேன். நாம் எடுத்துக்கொண்ட படத்தை உன் சித்தப்பாவுக்குக் கணினியில் அனுப்ப வேண்டும், செய்து கொடுங்கள் என்றேன். பாவம், உட்கார்ந்தார். படம் எங்கே இருக்கிறது என்று தேடினார். கிடைத்தது, இணைக்கத் தெரியவில்லை. எதையோ அழுத்தினார், படம் தலைகீழாகத் திரும்பிக்கொண்டது. அதை நிமிர்த்தப் போய் அச்சு இயந்திரம் வெள்ளைத் தாளாகத் தள்ளிக்கொண்டே இருந்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "எனக்கு இதெல்லாம் வராது மாமா. அவளா இருந்தா ரெண்டு நிமிஷத்துல..." என்றவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

அச்சு இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நான் அவரைப் பார்த்தேன். அவர் தாள்களைப் பொறுக்க ஆரம்பித்தார்.

அம்மா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கொஞ்ச நாளாகவே அவள் நீ எப்போது வருவாய் என்று கேட்பதை விட்டுவிட்டாள். நான் அதைக் கவனித்தேன், ஏன் என்றுதான் யோசிக்கவில்லை. பால் மேல் சந்தேகப்படுகிறவனுக்குச் சொந்த வீட்டுக்குள் பார்க்கத் தெரியவில்லை.

மறுநாள் போலீசார் மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா நாலு சட்டை மடித்துக் கொடுத்தாள். அதிகாரி என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார். எஞ்சின்களை வாங்கிய நிறுவனம் எந்த ஊரில் இருக்கிறது என்று போகிறபோக்கில் சொன்னார். ஒவ்வொரு உறையின் மேலும் நான் எழுதுகிற ஊர். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாரா, அல்லது எனக்குத்தான் அப்படித் தோன்றியதா, தெரியவில்லை. உன் வேலைக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று நான் விசாரிக்கவில்லை.

நேற்று மாப்பிள்ளையைப் பார்க்க விட்டார்கள். நடுவில் கண்ணாடி. ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். தடுமாறித் தடுமாறிச் சொன்னார். "அன்னைக்கு அந்தத் திரையைச் சரி பண்ணித் தரேன்னு எங்க கம்பெனிக்கு வந்தா இல்லையா மாமா... எல்லாரும் சிரிச்சாங்க. பொண்டாட்டிக்கு வேலை கேக்கறியான்னு என்னைக் கேட்டாங்க. நானும்... நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன். சும்மா, அவங்களுக்காக. அவ என்னைப் பார்த்தா. அதுக்கப்புறம் அவ என்கிட்ட எதுவுமே கேக்கலை. கோவத்துல பண்ணாளோ, வேற எதுக்குப் பண்ணாளோ, எனக்குத் தெரியாது. நீங்களும் கேக்காதீங்க."

இத்தனை வருஷமாக அவரை நான் மனுஷனாகவே மதிக்கவில்லை. சத்தம் போடாதவன் கள்ளன் என்று நினைத்திருந்தேன். எழுந்து வரும்போது கண்ணாடியில் கை வைத்தேன். அவரும் வைத்தார். காவலர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

அவர் சிரித்தது தப்பு. அதற்கு இந்தத் தண்டனை இல்லை. வேலை போய்ச் சவரக் கடையில் உட்கார்ந்திருக்கிற வெல்டர் உன்னைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை.

வழக்கு அடுத்த மாதம் எடுக்கப்படுகிறது. என்னையும் சாட்சியாகச் சேர்த்திருக்கிறார்கள். கூண்டுக்குக் கீழே உட்கார்ந்து தட்டச்சு செய்தவன், இந்தத் தடவை மேலே ஏறி நிற்க வேண்டும். அந்த ஞாயிறு காலையில் உங்கள் மாப்பிள்ளை எங்கே இருந்தார் என்று கேட்பார்கள். குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன், வீட்டில்தான் இருந்தார் என்று. குழாயைத் திறந்துவிட்டுக்கூடச் சொல்லிப் பார்த்தேன். வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகம்தான் வருகிறது. அவரை உள்ளே விட்டுவிட்டு நான் வீட்டுக்கு வந்து சாப்பிட முடியாது. உன்னைப் பற்றி என் வாயால் சொல்லிவிட்டும் சாப்பிட முடியாது.

அதனால் நீ அதற்கு முன்னால் வந்துவிடு. தானாக வந்து சொல்கிறவர்களை நீதிபதிகள் பார்க்கிற பார்வை வேறு. அதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நல்ல வக்கீல் ஒருவரிடம் யார் என்று சொல்லாமல் பேசி வைத்திருக்கிறேன். ஏன் செய்தாய் என்று நான் கேட்க மாட்டேன். அம்மா கேட்பாள், நீ சாப்பிட்டு முடித்த பிறகு கேட்பாள்.

உன் அறையைப் பெருக்கித் துடைத்தாயிற்று. ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறோம். எந்த விமானம் என்று ஒரு வரி மட்டும் எழுது, வேறு எதுவும் எழுதாதே. எந்த நேரமானாலும் வாசலில் நான் நிற்பேன். அங்கிருந்து நீ போக வேண்டிய இடத்துக்கு நாம் இருவரும் சேர்ந்தே போகலாம்.

சின்ன வயதில் தெருவைக் கடக்கும்போது என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொள்வாய். உனக்கு ஒன்றும் ஆகாது, என் தங்கமே. பத்திரமாக வந்து சேர்.

உன்
அப்பா